மீசைமேல் ஒரு பந்தயம்

கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருந்த பாலுசாமிக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய மீசைக்கு இருபத்தாறு. இருவரில் மரியாதை அதிகம் பெற்றது மீசைதான். பழனியில் ஒருமுறை முடி காணிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பேருந்து நடத்துநர் அவரை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, அரை டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டார். அப்போது பாலுசாமிக்கு இருபது வயது. அன்றைக்கு வளர்க்கத் தொடங்கியதைப் பிறகு கத்தரி மட்டுமே தொட்டிருக்கிறது, சவரக்கத்தி தொட்டதில்லை. அவருடைய மனைவி தெய்வாத்தாள் கூட அந்த மேலுதட்டை நேரில் கண்டவள் அல்லள்.

அந்த மீசைக்கு ஊரில் ஒரே ஒரு போட்டி இருந்தது. அது தெய்வாத்தாளின் அண்ணன் மருதாசலத்தின் முகத்தில் இருந்தது. மருதாசலம் சிங்காநல்லூரில் பெயிண்ட் பட்டறை நடத்தினார். மோட்டார் பம்புகளுக்கும் கிரைண்டர்களுக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். கையை முகர்ந்தால் தின்னர் வாசம் வரும். பேச்சைக் கேட்டால் அதைவிடக் காரமாக வரும். மச்சானும் மாப்பிள்ளையும் எங்கே சந்தித்தாலும் முதலில் ஒருவர் மீசையை மற்றவர் அளந்துகொள்வார்கள். பிறகுதான் நலம் விசாரிப்பார்கள்.

ஒரு பனங்காட்டில் இரண்டு ஓணான்கள் எதிரெதிர் மரத்தில் அமர்ந்து தலையாட்டிப் போட்டியிட்டனவாம். யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் தோற்றவர். நிறுத்த இருவருக்கும் மனமில்லை. கண்ணெதிரே பறந்த பூச்சிகளையெல்லாம் விட்டுவிட்டு மழைக்காலம் முடியும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் இரண்டும் மெலிந்து நார்போல் ஆயின. மச்சானும் மாப்பிள்ளையும் அப்படித்தான் இருந்தார்கள். மெலியவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், அன்னூர்க் கல்யாண மண்டபத்தில், பந்தி வரிசையில் இருவருக்கும் அடுத்தடுத்து இலை விழுந்தது. வம்பு வந்ததும் அங்கேதான்.

"ஏனுங் மாப்ளே, என்னமோ பொடி தூவற மிசினு வாங்கியிருக்கறீங்களாமா? கோலமாவு யாவாரம் பண்ணப் போறீங்களா?" என்று தொடங்கினார் மருதாசலம்.

"பவுடர் கோட்டிங்குங் மச்சான். பெயிண்டு வேண்டாம், தின்னரு வேண்டாம். பொடிய அடிச்சா அதுவாப் போயி இரும்பு மேல ஒட்டிக்கும். அப்பறம் ஓவன்ல வெச்சா உருகிக் கண்ணாடியாட்டம் ஆயிரும்."

"ஓவன்ல வெச்சா உருகும், செரி. ஓவனுக்குப் போற வரைக்கும் எப்பிடீங் நிக்கும்? நாமக்கட்டியக்கூடத் தண்ணியில கொழைச்சாத்தான் நெத்தியில நிக்குது."

"பொடியில கரண்டு ஏத்தி உடறோமுங்."

"கரண்டு ஏத்துன பொடி!" மருதாசலம் பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "அப்பறம் என்னுங், கரண்டு ஏத்துன ரசமா? ஏப்பா பரிமாறறவரே, எங்க மாப்ளைக்கு ரசத்தப் பாத்து ஊத்துங்க. ஷாக்கு அடிச்சுபோடும்!"

பந்தி சிரித்தது. எதிர் வரிசையில் ஒருவருக்குப் புரை ஏறியது. பாலுசாமியின் காது சிவந்தது. மருதாசலமோ விடுவதாக இல்லை. வலக்கையில் சோறு இருந்ததால் இடக்கையால் மீசையை நீவிக்கொண்டு சொன்னார்:

"இத்தன பேரு முன்னால சொல்றேனுங். தண்ணியில்லாம, பசையில்லாம, வெறும் பொடி எதுமேலயும் நிக்காது. நின்னு, புடிச்சு உலுக்குன பொறவும் நின்னுச்சுன்னா, எம் மீசைய எடுத்துபோடறேன். நிக்கலீன்னா உங்க மீசை. என்ன சொல்றீங்?"

பாலுசாமி ஒருகணம் தயங்கினார். ஆனால் பந்தியில் கேட்ட கேள்விக்குப் பந்தியிலேயே பதில் சொல்லாமல் எழுந்தால் பாயசம் இறங்காது. "விஜயதசமியன்னைக்கு எங்க பட்டறைக்கு வாங்க. எல்லாரு முன்னாலயும், ஒரே ஒருக்கா, அடிச்சுக் காட்டறேன்" என்றார்.

தண்ணீர்க் குவளையுடன் பின்னால் நின்ற தெய்வாத்தாள், "தீர்ப்புச் சொல்ல ஆளு வேணுமில்லீங்க? அது நான்தான்" என்றாள். "ஒருத்தரு எம் புருசன், ஒருத்தரு எங்கூடப் பொறந்தவரு. யாரு தோத்தாலும் எனக்கு ஒண்ணுதானுங்." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பை வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் பாலுசாமியால் பொருள் காண முடியவில்லை.

பாலுசாமியின் துணிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து மோகன்குமார் என்ற இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்து, விளக்கமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டை கட்டிய மனிதர். ஆனால் பேச்சு அசல் கோவைப் பீளமேட்டுப் பேச்சு.

"பொடி அடிக்கிற துப்பாக்கி, இந்தக் கன்னு இருக்குதில்லீங்ணா, இது ஒரு நாத்தனாராட்டம். வெளிய போற ஒவ்வொரு பொடிக்கும் ஒரு குத்தலு வெச்சு அனுப்பும். அந்தக் குத்தலுதான் கரண்டு. குத்தலு வாங்குன மருமக என்ன பண்ணுவா? கோவிச்சுட்டு நேரா அம்மா ஊட்டுக்குப் போவா. பொடிக்கு அம்மா ஊடு எதுங்? பூமி. பூமியோட எது தொட்டுட்டு நிக்குதோ, அது மேல போயி உக்காந்துக்கும். நம்ம மோட்டார் பாடி கொக்கியில தொங்குது. கொக்கி கம்பியில தொங்குது. கம்பியில இருந்து ஒயர் போயி மண்ணுல எறங்குது. வழி தெறந்திருந்தாப் போதுமுங்ணா, பொடி புடிச்சுக்கும். ஒரே கரண்டு ஏறுன பொடிக ஒண்ணுக்கொண்ணு ஆகாது; தள்ளித் தள்ளி உக்காரும். அதனால பூச்சு சமமா வரும்."

பாலுசாமிக்கு இரண்டு அக்காமார். அதனால் பாடம் ஒரே தடவையில் மனத்தில் பதிந்தது.

பந்தயத்துக்குப் பிறகு தினமும் ஒத்திகை நடந்தது. கன்னைப் பிடித்தவள் பட்டறையில் வேலைபார்த்த அன்புக்கரசி. மோகன்குமாரிடம் கைப்பழக்கம் கற்றவள். வாய்ப்பழக்கம் பிறவியிலேயே வந்தது. அவள் கன்னை நீட்டினால் கிளிப்பச்சைப் பொடி மூடுபனிபோல் கிளம்பும். மோட்டார் பாடியை அடைந்ததும் பட்டுப்போல் படியும். பாலுசாமி கொக்கியைப் பிடித்து உலுக்குவார்; ஒரு துகள் உதிராது. விரலால் தொட்டால் மட்டும் விரல் பச்சையாகும். அந்தப் பச்சை விரலோடு அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் திரும்பிப் புன்னகை செய்வார்.

"ஏனுங் முதலாளி, பெரியவரு மீசைய எடுத்த பொறவு அதை என்ன பண்ணுவீங்க?" என்று அன்புக்கரசி கேட்பாள்.

"என்ன பண்ணறது?"

"எனக்குக் குடுங்க. கன்னு தொடைக்க நல்ல பிரஷ்ஷு வேணும்."

இப்படியாக எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

கோவைப் பட்டறைக்காரர்கள் ஆயுத பூஜையைக் கொண்டாடுவதில் ஒரு முறை உண்டு. வருடம் முழுவதும் எண்ணெயும் கரியுமாகக் கிடக்கும் பட்டறையை அன்றைக்கு மணமேடைபோல் ஆக்கிவிடுவார்கள். தரையைக் கழுவுவார்கள், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், இரும்பு என்று கண்ணில் பட்ட எதற்கும் பெயிண்ட் பூசுவார்கள். லேத்தின் கால், வைஸின் கைப்பிடி, தள்ளுவண்டியின் சக்கரம், கேட்டின் தாழ்ப்பாள் என எதுவும் தப்பாது. கையில் பிரஷ்ஷோடு நிற்கும் பட்டறைக்காரரின் அருகே அந்த வாரத்தில் அசையாமல் நிற்பது நல்லதல்ல என்று சொல்வார்கள்.

அந்த வருடம் விருந்தாளிகள் வரவிருந்தார்கள் அல்லவா? அதனால் பாலுசாமிக்கு ஆர்வம் இரட்டிப்பானது. போதாக்குறைக்கு மருதாசலம் ஆளிடம் ஒரு பெரிய டப்பா எனாமல் கொடுத்தனுப்பியிருந்தார். 'குங்குமச் சிவப்பு, என் பட்டறையிலேயே உசத்தியானது, பூஜைக்கு என் சீர்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதில் வஞ்சனை ஏதும் இல்லை. பெயிண்ட்காரர் பெயிண்டைத்தானே பரிசாகக் கொடுப்பார்? பந்தயம் வேறு, சீர் வேறு என்பதில் இரு வீட்டாருக்கும் ஐயமில்லை.

பாலுசாமி அந்தச் சிவப்பை யாரிடமும் கொடுக்காமல் தன் கையாலேயே பூசினார். பவுடர் கோட்டிங் அறையில் பொருள் தொங்கவிடும் கம்பியும் கொக்கிகளும், உரசித் தேயும் இடங்கள் தவிர மற்றெங்கும், பழைய பொடி உருகிக் கட்டிகட்டியாக ஒட்டி அசிங்கமாகத் தெரிந்தன. 'மச்சான் முதலில் பார்ப்பது இதைத்தான்' என்று எண்ணி அவற்றை நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்தார். கம்பிக்கு இரண்டு கை அடித்தார். கொக்கிகளுக்கும் இரண்டு கை. கம்பியோடு ஒயர் சேரும் இடத்தில் ஒயரைக் கழற்றி, அங்கும் ஒரு கீறல் விடாமல் அடித்து, காய்ந்த பிறகு ஒயரை மறுபடி முடுக்கினார். தள்ளி நின்று பார்த்தபோது கொக்கி வரிசை பவளமாலைபோல் மின்னியது. அவருக்குக் கண் நிறைந்துபோயிற்று.

பூஜையன்று கன்னுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமமிட்டார்கள். கம்ப்ரசருக்கு மாலை விழுந்தது. பொரியும் சுண்டலும் கைமாறின. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்பது வழக்கம், யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலை. மறுபடி கழுவிய சிமெண்டுத் தரை ஈரமாக மின்னியது. செருப்புகள் கேட்டுக்கு வெளியே வரிசையாகக் கிடந்தன. மருதாசலம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி முறுக்கிய மீசையோடு வெறுங்காலில் வந்து நின்றார். அடுத்த லேத் பட்டறை பொங்கியண்ணன் தன் ஆட்களோடு வந்திருந்தார். அவருக்கு இந்தப் பந்தயம் தீபாவளி ரிலீஸைவிட முக்கியம். தெய்வாத்தாள் தட்டில் வெற்றிலைபாக்கோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்திருந்தாள்.

"அது எதுக்கம்மணி கண்ணாடி?" என்றார் மருதாசலம்.

"தோத்தவரு கடைசியா ஒருக்கா பாத்துக்க வேண்டாங்களா?"

பாலுசாமி கண்ணாடியின் பக்கம் பாராமல் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, "ஆரம்பி அம்மணி" என்றார் அன்புக்கரசியிடம்.

சிவப்புக் கொக்கியில் மோட்டார் பாடி தொங்கியது. மருதாசலம் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று அறையின் வாசலுக்கே போய்க் குனிந்து நின்றார். அன்புக்கரசி கன்னை அழுத்தினாள். கிளிப்பச்சை மூடுபனி கிளம்பியது. மோட்டார் பாடியை அடைந்தது. முதலில் பூனைமயிர்போல ஒரு மெல்லிய பச்சை அதன்மேல் தெரிந்தது. பாலுசாமி மூச்சை விட்டார்.

மூச்சு முழுதாக வெளிவருவதற்குள் விபரீதம் நடந்தது. மேலே மேலே அடித்த பொடி மோட்டார் பாடியின் அருகே போய்த் தயங்கியது. அழையாத வீட்டு வாசலில் நின்று யோசிப்பதுபோல் ஒருகணம் நின்றது. பிறகு விலகிச் சுழன்று திரும்பியது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து பறந்தது. கொக்கியின் அருகே 'சட், சட்' என்று சின்னச் சின்ன ஒலி கேட்டது.

"இன்னும் அடி!" என்றார் பாலுசாமி. அடித்தாள். இன்னும் திரும்பி வந்தது. "கிட்டப் போயி அடி!" போனாள். மேகம் பெரிதாயிற்று, இரும்பு மட்டும் இரும்பு நிறத்திலேயே தொங்கியது.

பாலுசாமி பொறுக்காமல் பாய்ந்து மோட்டார் பாடியைப் பிடித்து உலுக்கப் போனார். விரல் தொடுவதற்கு முன்பே ஒரு நீலப்பொறி குறுக்கே தாவியது. "ஆத்தா!" என்று பின்னுக்குத் துள்ளி, அன்புக்கரசியின் காலை மிதித்து, அவள் "முதலாளி!" என்று அலற, கன் நின்றது.

துள்ளலில் அவர் முழங்கை இடித்த மோட்டார் பாடி ஊஞ்சல்போல் ஆடியது. அதன்மேல் மிச்சமிருந்த பச்சையும் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது.

"உலுக்கவே வேண்டீதில்லையாட்டம்!" என்றார் மருதாசலம். அவர் குரலில் வெல்லம் கரைந்தது. "பாவமுங் மாப்ளே. மிசினு மேல தப்பில்லீங். பொடின்னா பொடிதான். நாஞ் சொன்னேனில்ல?"

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூசணிக்காயைக் கிழக்குப் பார்த்து உடைக்கவில்லை என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். பொங்கியண்ணன், "கன்னுக்குச் சந்தனம் ஜாஸ்தியாயிருச்சுங். குளுந்து போயிருக்கும்" என்றார்.

பாலுசாமியின் காதில் எதுவும் விழவில்லை. அவர் கை தானாக மேலே போய் மீசையின் இரு நுனிகளையும் தொட்டது. நாளைக்கு இந்தத் தெருவில் எப்படி நடப்பது? டவுன்பஸ்ஸில் ஏறினால் அரை டிக்கெட் கிழிப்பார்களோ? அப்படி எண்ணிக்கொண்டே, வெற்றி பெற்றவரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று தலையை நிமிர்த்தினார்.

பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

மருதாசலத்தின் மீசை கிளிப்பச்சை நிறத்தில் இருந்தது. நுனி முதல் நுனிவரை, ஒரு மயிர்கூட விடாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே விறைத்து, பச்சைப் பட்டுக் குஞ்சம்போல் நின்றது. புருவங்களும் அப்படியே. காதில் வளர்ந்திருந்த முடிக்கற்றை இரண்டும் கொத்தமல்லிக் கட்டுபோல் இருந்தன.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டார்கள். அன்புக்கரசி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பொங்கியண்ணன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே எதையோ மிக அக்கறையாகப் படிப்பவர்போல் நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

"என்னுங் எல்லாரும் எம் மீசையவே பாக்கறீங்க?" என்றார் மருதாசலம் பெருமையாக. "பாருங்க, பாருங்க. ஜெயிச்ச மீசை அப்பிடித்தான் இருக்கும்!" என்று அதை ஒரு முறுக்கு முறுக்கினார். பச்சை இரண்டு கன்னங்களிலும் வளைவாகப் பரவியது.

தெய்வாத்தாள் கண்ணாடியை அண்ணன் கையில் கொடுத்தாள்.

அவர் பார்த்தார். முதலில் கண்ணாடியில் வேறு யாரோ இருப்பதாக எண்ணி விலகி நின்றார். பின்னாலே திரும்பிப் பார்த்தார்; யாருமில்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

பட்டறை அதற்குமேல் தாங்கவில்லை. வெடித்தது. கேட்டுக்கு வெளியே செருப்புக்குக் காவலாக இருந்த நாய் கூட எழுந்து ஓடியது.

சிரிக்காதவர்கள் இருவர்தாம். ஒருவர் மருதாசலம், அவர் சிரிக்காத காரணம் வெளிப்படை. மற்றவர் பாலுசாமி. அவர் தன் மச்சானைத் தலை முதல் கால்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெறுங்கால். ஈரத் தரை. தரைக்குக் கீழே மண். கோவித்துக்கொண்டு புறப்பட்ட இத்தனை பொடிக்கும் அம்மா வீட்டுக்குப் போக இந்த மனிதரே வழியாக நின்றிருக்கிறார். அப்படியானால் இரும்பு ஏன் வழிவிடவில்லை? அவர் கண் மோட்டார் பாடியிலிருந்து மேலே ஏறியது. பளபளவென்று, பவளமாலைபோல், இரண்டு கை எனாமல் பூசிய கொக்கி. அதற்கு மேலே இரண்டு கை பூசிய கம்பி. கம்பியில் ஒயர் சேரும் இடம். அங்கும் ஒரு கீறல் விடாத சிவப்பு.

பெயிண்டில் கரண்ட் பாயாது. அது வழி இல்லை; கதவு. கதவைச் சாத்தி, தாழிட்டு, அழகுக்குச் சிவப்பும் அடித்தவர் அவரேதான்.

பாலுசாமி தன் நெற்றியில் தானே ஓங்கி அறைந்துகொண்டார். ஓடிப்போய் ரம்பப் பிளேடு ஒன்றை எடுத்து வந்தார்.

"ஏனுங்க, எதுக்குங்க அது? மீசைக்கு ரம்பமெல்லாம் வேண்டாங்க!" என்று பதறினாள் தெய்வாத்தாள்.

அவர் ஸ்டூலில் ஏறி, ஒயர் சேரும் இடத்தையும், கொக்கி தொங்கும் இடத்தையும், மோட்டார் பாடி தொடும் வளைவையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினார். பூஜைக்கு அவ்வளவு ஆசையாகப் பூசிய சிவப்பு சிம்புசிம்பாக அவர் தோளில் விழுந்தது. "இப்ப அடி அம்மணி" என்றார்.

அன்புக்கரசி அடித்தாள். பொடி கிளம்பியது, தயங்கவில்லை. நேரே போய் உட்கார்ந்தது. இரும்பு பச்சையாயிற்று. பாலுசாமி கொக்கியைப் பிடித்து உலுக்கினார், பொங்கியண்ணன் உலுக்கினார், மருதாசலமும் பச்சைப் புருவங்கள் நெரிய வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உலுக்கினார். ஒரு துகள் விழவில்லை.

மருதாசலம் அதோடு நிற்கவில்லை. குனிந்து மோட்டார் பாடியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அன்புக்கரசியைப் பார்த்தார். மறுபடி பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கும் பச்சை.

"அம்மணி, நீ பின்னால அடிக்கவே இல்லியே?"

"இல்லீங்க."

"அப்பறம் பின்னால எப்பிடி வந்துச்சு?"

"அதுவாச் சுத்திப் போயிக்கும்ங்க. முன்னால எடமில்லீன்னா பின்வாசல் வழியாப் போறதில்லீங்களா? அந்த மாதிரி."

இத்தனை வருடமாக முதுகை வளைத்து வளைத்துப் பின்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்த மனிதர் தன் முதுகைத் தடவிக்கொண்டார். பிறகு தொழில் பின்வாங்கி, பந்தயம் முன்னால் வந்தது. "அதெல்லாஞ் செரிங். ஆனா இது ரெண்டாவதா அடிச்சது. பந்தயம் ஒரே ஒருக்காத்தான். மொதல்ல அடிச்சது இரும்பு மேல நிக்கல. மாப்ளே தோத்துட்டாரு!"

"மொதல்ல அடிச்சது நின்னுச்சுங் மச்சான்," என்றார் பாலுசாமி, "உங்க மேல! 'எதுமேலயும் நிக்காது'ன்னு பந்தியில சொன்னது யாருங்? தண்ணியுமில்ல, பசையுமில்ல. இத்தன நேரமா நிக்குதே!"

"மீசையில எண்ணெய் தடவியிருந்தேனுங்! எண்ணெய்ல ஒட்டிக்கிச்சு!"

"புருவத்துக்குமாங் எண்ணெய் தடவுனீங்க?"

"காதுக்கு?" என்றார் பொங்கியண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

எல்லாரும் தெய்வாத்தாளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலைத் தட்டை மேசைமேல் வைத்தாள். அண்ணனிடம், "தலைய ஒருக்கா நல்லா உலுக்குங்ணா" என்றாள். அவர் உலுக்கினார். மீசையில் பச்சை அப்படியே நின்றது.

"செரி, கேட்டுக்குங்க" என்றாள் அவள். "ரெண்டாவது தடவ கணக்குல இல்ல. அது எங்கண்ணன் சொல்றது நாயம். மொதத் தடவ இரும்பு மேல நிக்கல; அதனால எங்கூட்டுக்காரரு பாதி தோத்தாரு. ஆனா மனுசன் மேல நின்னுச்சு, உலுக்கியும் நின்னுச்சு. அதனால எங்கண்ணன் பாதி தோத்தாரு. பாதி தோத்தவருக்குப் பாதி மீசை. எந்தப் பக்கம்னு அவங்கவங்களே சொல்லிக்கலாம்."

கூட்டம் கைதட்டியது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருடங்களில் முதல்முறையாக இருவர் மனத்திலும் ஒரே எண்ணம் ஓடியது.

"இடது பக்கம் இல்லாம இருந்தா எப்பிடி இருக்குமுங் மாப்ளே?" என்று மெல்லக் கேட்டார் மருதாசலம்.

"அட போங் மச்சான். ஒரு பக்கம் ஆள் இருக்கிற ஊடாட்டம் இருக்கும்."

"தெருவுல எப்பிடீங் போறது? ஒரு பக்கமாத் திரும்பீட்டா?"

"பஸ்ஸுல சன்னலோரம் எடங் கெடைச்சாப் பரவால்லீங். கெடைக்கலீன்னா?"

"எடுக்கறதுன்னா முழுசா எடுத்துபோடறது மேலுங்."

"நீங்க எடுத்தா நானும் எடுக்கறேனுங்."

"நீங்க மொதல்ல."

"ரெண்டு பேரும் ஒண்ணா!" என்றாள் தெய்வாத்தாள்.

முக்குச் சலூன் கதிரேசனுக்கு ஆள் போயிற்று. பெட்டியோடு ஓடிவந்தவர், இரண்டு பெரிய மனிதர்கள் கழுத்தில் துண்டோடு மீசையெடுக்க உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் திடுக்கிட்டார். வீட்டில் சாவு விழுந்தால்தானே மீசை எடுப்பார்கள்? அவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அய்யய்யோ, நல்ல நாளும் அதுவுமா! யாருங் தவறிட்டாங்க?" என்று தழுதழுத்தார்.

"இன்னும் தவறலீங். நீங்க வந்த பொறவுதான்" என்றார் பொங்கியண்ணன்.

கதிரேசன் அப்போதுதான் மருதாசலத்தின் பக்கம் திரும்பினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தொழில் மரியாதை குறையாமல், தணிந்த குரலில், "இந்த டை எந்தக் கடையில வாங்குனீங்? நம்ம கடையில கருப்பு மட்டுந்தானுங் வெச்சிருக்கறேன்" என்றார்.

கத்தி நடந்தது. பாலுசாமி கண்களை இறுக மூடிக்கொண்டார். மேலுதட்டில் இருபத்தாறு வருடமாகப் படாத காற்று சில்லென்று பட்டது. பக்கத்து ஸ்டூலில் மருதாசலம் ஒரு பெருமூச்சு விட்டார். அதில் கொஞ்சம் பச்சைப்பொடி பறந்தது. கன்னத்திலும் புருவத்திலும் காதிலும் மிஞ்சிய பச்சையைக் கதிரேசன் ஈரத்துண்டால் துடைத்துவிட்டார்.

கண் திறந்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அளக்க ஒன்றும் இல்லை. அதனால் வழக்கத்துக்கு மாறாக உடனே பேச வேண்டியதாயிற்று.

"மாப்ளே, அந்தப் பின்பக்கம் ஒட்டுச்சே, அதை இன்னொருக்கா பாக்கலாமுங்களா? இந்தத் தடவ கன்னை நான் புடிச்சுப் பாக்கறேன்."

"வாங்க மச்சான். செருப்ப மாட்டிக்கிட்டு, சித்தத் தள்ளி நின்னு புடிங்க."

இருவரும் அறைக்குள் போனார்கள். அடுத்த மோட்டார் பாடி தொங்கியது, அன்புக்கரசி பக்கத்தில் நின்று அதட்டி அதட்டிச் சொல்லிக் கொடுத்தாள், உள்ளேயிருந்து, "அட! அட! பாருங் மாப்ளே, சுத்திப் போகுது பாருங்!" என்று மருதாசலத்தின் குரல் குழந்தையின் குரல்போல் கேட்டது.

தெய்வாத்தாள் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டு வந்தாள். அறை வாசலில் வெள்ளைச் சட்டையும் மழுமழுத்த உதடுமாக இரண்டு பேர் திரும்பி நின்றார்கள். அவள் ஒருவரைப் பார்த்தாள், மற்றவரைப் பார்த்தாள். டம்ளரை நீட்டப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங், உங்க ரெண்டு பேருல எங்கூட்டுக்காரரு யாருங்?"

இருவர் கையும் ஒரே நேரத்தில் மூக்கின் கீழே போயிற்று. அங்கே ஒன்றும் அகப்படாமல், என்ன செய்வதென்று தெரியாமல், மூக்கைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கிற்று.